சென்னையிலிருந்து தோட்டத்துச் சாளைக்குக் குடிபோகும் குடும்பத்துக்கு முதல் வருஷம் எப்படிப் போகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கணவன், மனைவி இருவருக்கும் சென்னையில் கணினி வேலை. 9 வயதில் மகள், 4 வயதில் மகன், கூடவே சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் அம்மா. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் 3 ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் பழைய ஓட்டு வீடும் வாங்கியாகிவிட்டது. அடுத்த வருஷம் குடிபோகிறீர்கள். அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், முதலில் என்ன நட வேண்டும், உடனே மாடு வாங்கலாமா, பிள்ளைகள் பள்ளிக்கு என்ன செய்வது, பாம்பு பயம் எந்த அளவுக்கு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீடும் இந்தப் பக்கத்தில் ஒரு சாளைதான், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீடு. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நிலைத்து நின்றவர்களுக்கும் இரண்டு வருஷத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நின்றவர்கள் முதல் வருஷத்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். போனவர்கள் வந்த மாதமே தென்னங்கன்றும் மாடும் சொட்டுநீர்க் குழாயுமாக எல்லாவற்றையும் நிலத்தில் இறக்கினார்கள். அதனால் என் பதில் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கும்: முதல் வருஷம் தண்ணீர், தூக்கம், சமையல், பள்ளி, அக்கம்பக்கம் இவை ஒரு ஒழுங்குக்கு வரட்டும். நிலம் எங்கேயும் போய்விடாது.

இந்தப் பக்கத்தில் தோட்டத்திலேயே குடியிருப்பது புதுப் பழக்கம் இல்லை. ஊருக்குள் வீடு, ஊருக்கு வெளியே வயல் என்று இல்லாமல், கிணற்றடியிலேயே சாளை கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் கொங்கு நாட்டில் நிறைய. ஆகவே நீங்கள் காட்டுக்குள் தனியாகப் போகவில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடோ இரண்டு வீடோதான் இருக்கும். உப்பு தீர்ந்துபோனால் ஓடிப் போய் வாங்கத் தெருமுனைக் கடை கிடையாது. காஸ் சிலிண்டர் வண்டி இட்டேரிக்குள் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) வராது, தார் ரோட்டுக்குப் போய் எடுத்து வர வேண்டியிருக்கும். குப்பை வண்டியும் வராது. வாரச் சந்தையில் ஒரே நடையில் வாங்கி வருவது, ஒரு சிலிண்டர் எப்போதும் கூடுதலாக வைத்துக்கொள்வது, பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் வரும்போதே குறைப்பது இதெல்லாம் இரண்டு மாதத்தில் தானாகப் பழகிவிடும்.

தண்ணீர் மட்டும் தானாகப் பழகாது. அதை நீங்கள்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வட்டாரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். நீங்கள் நிலம் பார்த்தது எந்த மாதம் என்று தெரியவில்லை. கார்த்திகையில் பார்த்திருந்தால் எல்லாமே பச்சையாக, கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்திருக்கும். அதே கிணற்றைச் சித்திரைக் கடைசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு இறைத்துவிட்டு, பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அந்த ஊறல்தான் உங்கள் உண்மையான சொத்து. இந்தப் பாறைப் பூமியில் ஆழ்துளைக் கிணறு 800, 1,000 அடி என்று இறங்கியும் வெறும் புழுதியை ஊதிக்கொண்டு வருவது உண்டு. ஆகவே கிணறு போதாவிட்டால் போர் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். கிணறு முழுதும் உங்களுடையதா, இல்லை கூட்டுக் கிணறா? பங்காளிகள் பிரித்துக்கொண்ட பூமியில் கிணற்றில் கால் பங்கு, அரைப் பங்கு என்று இருக்கும், இறைக்கும் நாளுக்கு முறையும் இருக்கும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வண்டித்தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதும் அப்படித்தான். வாங்கியான பிறகு இதையெல்லாம் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். பெயர் மாற்ற வேண்டியதை மாற்றவும், பக்கத்துக்காரரோடு முறையைப் பேசி வைக்கவும் குடிபோகும் முன்தான் நல்ல நேரம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐந்து பேர் குளிக்க, துவைக்க, சமைக்க நாளொன்றுக்கு 600 லிட்டர் என்று வையுங்கள். 5 சென்ட் காய்கறித் தோட்டத்துக்குக் கோடையில் 1,000 லிட்டர் வேண்டும். ஒரு மாட்டுக்குக் குடிக்கவும் கழுவவும் சேர்த்து 100 லிட்டர். இவை எல்லாம் சேர்ந்தாலும் 2,000 லிட்டர் தாண்டாது. ஒரு ஏக்கர் தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 அடி இடைவெளியில் 70 மரம். காய்க்கும் மரத்துக்குக் கோடையில் சொட்டுநீரில்கூட நாளைக்கு 60 லிட்டராவது வேண்டும் என்றால் 4,200 லிட்டர். குடும்பம், காய்கறி, மாடு எல்லாவற்றுக்கும் ஆகும் தண்ணீரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரே ஏக்கர் குடிக்கும். எதிர்த் தோட்டத்தில் தென்னை செழிப்பாக நிற்கிறது என்பதற்காக நீங்களும் நட வேண்டாம். அவர் கிணறு வேறு, உங்கள் கிணறு வேறு.

குடிதண்ணீர் தனிக் கதை. இங்கே பல கிணறுகளில் சப்பைத் தண்ணீர்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கொஞ்ச நாளில் குழாய் வாயெல்லாம் வெள்ளை படியும். உங்களுக்கு ஓட்டுக் கூரை இருப்பது பெரிய வசதி. 1,000 சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் 55,000 லிட்டர் விழுகிறது. சிந்தியது, ஆவியானது போகப் பாதிக்கு மேல் தாராளமாகப் பிடித்துவிடலாம். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர் போதும், வருஷத்துக்கு 10,000 லிட்டரைத் தாண்டாது. ஆக, வெயில் உள்ளே புகாத 10,000 லிட்டர் தொட்டி ஒன்று வீட்டை ஒட்டிக் கட்டிவிட்டால் குடிதண்ணீர்க் கவலை தீர்ந்தது. முதல் மழையை ஓட்டை அலசிவிட்டு வெளியே போக விட வேண்டும், தொட்டி வாயில் மணலும் கரியும் போட்ட வடிகட்டி இருக்க வேண்டும், குடிப்பதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். பழைய சாளைகளில் பின்னால் சேர்த்துக் கட்டிய கழிப்பறை பெரும்பாலும் கிணற்றுக்கு நெருக்கமாகத்தான் இருக்கும், அதை அவசியம் பாருங்கள். என்னைக் கேட்டால் சமையலறை மேடை, தரை டைல்ஸ் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு முதல் பணத்தை இந்தத் தொட்டியில் போடச் சொல்வேன்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 5 மணிக்கு மயில் அகவ ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு தூங்க முடியாது. எழுந்ததும் வாசல், சுற்றுப்புறம் கூட்டுவது ஒரு வேலை. வேப்பமரம் நிற்கும் வாசலில் பங்குனி மாதம் கூட்டி முடிப்பதற்குள் மறுபடி இலை உதிரும். வெந்நீர் அடுப்புக்கு விறகு, ஓலை. பால் வாங்குவதாக இருந்தால் 6 மணிக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிறவர்களிடம் முதல் நாளே சொல்லி வைக்கலாம். பள்ளி வண்டி 7.30-க்கோ 7.45-க்கோ தார் ரோட்டு முனையில் நிற்கும், சாளைக்கு வராது. அப்படியானால் 7 மணிக்குள் சோறு ஆகி, டப்பா கட்டி, பிள்ளையைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வர வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய தோட்ட வேலையும் இதே இரண்டு மணி நேரத்துக்குள்தான் வந்து விழுகிறது. வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். கீரைக்கும் நாற்றுக்கும் தண்ணீர் ஊற்றக் காலை நேரமே நல்லது. 9 மணிக்கு நீங்கள் கணினி முன்னால் உட்காரும்போது உடம்பு ஏற்கெனவே பாதி நாள் உழைத்திருக்கும்.

11 மணியிலிருந்து 3.30 வரை சித்திரை, வைகாசியில் வெளியே ஒன்றும் நடக்காது. மாலை 4 மணிக்குப் பிறகு இரண்டாவது சுற்று. 6.30-க்கெல்லாம் கோழியை அடைத்து, ஆடு இருந்தால் பட்டிக்குள் ஏற்றி, வெளியே கிடக்கும் சாமானை எடுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் சாப்பாடு, 9 மணிக்குத் தூக்கம்.

இதில் த்ரீ பேஸ் கரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விவசாய மின் இணைப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பல ஊர்களில் மும்முனை மின்சாரம் பகலில் ஒரு நேரம், இரவில் ஒரு நேரம் என்று முறை வைத்துத்தான் வரும், வாரத்துக்கு வாரம் மாறவும் செய்யும். இரவு முறை வரும் வாரத்தில் 11 மணிக்கு மோட்டார் ரூம் விளக்கு எரியும்போது எழுந்து போய்ப் போட வேண்டும், வாய்க்கால் பாசனமாக இருந்தால் மண்வெட்டியோடு மடை திருப்ப நிற்க வேண்டும். வேலைக்குப் போகிற ஆள் இரண்டு வாரம் இப்படி விழித்தால் குடும்பத்தில் எல்லோரும் எரிந்து விழ ஆரம்பிப்பார்கள். அதனால்தான் மேலே ஒரு தொட்டி கட்டி, கரண்டு வரும்போது நிரப்பிக்கொண்டு, வேண்டும்போது தானே கீழே பாய்கிற மாதிரி அமைக்கச் சொல்கிறேன். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள், விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது சட்டப்படி தப்பு. மோட்டார் ரூமிலும் வீட்டிலும் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி இருக்கட்டும். ஈரக் கையோடு சுவிட்ச் தொடுகிற இடம் அது.

மேலே சொன்ன வேலைகளை மறுபடி படித்துப் பாருங்கள். கூட்டுவது, அடுப்பு, டப்பா, பறிப்பது, அடைப்பது இவற்றில் முக்கால்வாசி யார் தலையில் விழும்? சென்னையில் சமையலுக்கு ஆள், ஆர்டர் போட்டால் சாப்பாடு, தெருவில் இஸ்திரிக்காரர் என்று பத்துப் பேர் தாங்கிய வீட்டை இங்கே ஒரு பெண் தாங்க வேண்டி வரும். அதோடு அவருக்கும் உங்களைப்போலவே 9 மணிக்குக் கணினி வேலை. நான் பார்த்தவரை திரும்பிப் போன குடும்பங்களில் முதலில் களைத்தது வீட்டுப் பெண்தான். வாய் விட்டுச் சொல்லாமல் ஒரு வருஷம் இழுத்துப் பிடித்திருப்பார். ஆகவே குடிபோகும் முன்பே யார் எது செய்வது என்று பேசிவிடுங்கள். காலைச் சமையல் ஒருவர், பள்ளி வண்டியும் கோழியும் ஒருவர் என்று பிரியுங்கள். உள்ளூரில் அரை நாள் வேலைக்கு ஓர் அம்மாவை வைத்துக்கொள்வதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். அவர் மூலம்தான் எது களை, எது உண்ணும் கீரை, யார் வீட்டில் நல்ல விதை இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும்.

நடவு பற்றிக் கேட்டீர்கள். முதல் ஆடிக்கு 5 சென்ட், அதற்கு மேல் வேண்டாம். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, மிளகாய், பீர்க்கு, சுரை, அவரை போடுங்கள். பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினாலும் பனிக்காலத்தில்தான் பூக்கும், அதுவரை பொறுமை வேண்டும். கீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும், வெண்டை 45 நாளில். முருங்கைப் போத்து (வெட்டி நடும் கிளை) இரண்டு, கறிவேப்பிலை ஒன்று, பப்பாளி நான்கு. இங்கே வைகாசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று சாதாரணமானதில்லை. சுற்றிலும் காற்றாலை நிற்பதே அதனால்தான். வாழை, பப்பாளியை வீட்டுக்குக் கிழக்கே, சுவர் மறைவில் வையுங்கள். மேற்கே வைத்தால் ஆடிக்காற்றில் இலை நார் நாராகக் கிழிந்து போகும். நாற்றங்காலுக்கு மேலே வலை கட்டாவிட்டால் மயில் ஒரே காலையில் முடித்துவிடும். மயிலைத் தொடக்கூடாது, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. வலைதான் வழி.

மீதி நிலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். உங்கள் 3 ஏக்கரில் ஒரு பகுதி உழாமல், புல்லும் வெள்வேல மரமும் சுற்றிலும் முள்கிளுவை வேலியுமாகக் கிடந்தால் அதைத் தரிசு என்று நினைத்து ஜே.சி.பி. விட்டுவிடாதீர்கள். அது கொரங்காடு. காங்கேயம் மாடு இத்தனை காலம் நின்றதே இந்த மேய்ச்சல் காட்டால்தான். அதில் இருப்பது கொழுக்கட்டைப் புல். மழை பெய்து சில வாரத்தில் தளிர்க்கும், பங்குனியில் காய்ந்து வைக்கோல் மாதிரி நிற்கும், அப்போதும் மாடு தின்னும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம், வெள்வேல மரத்துக் காயை ஆடு பொறுக்கித் தின்னும். வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். இயந்திரம் விட்டு வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்ட இடங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்த வேலி வளர ஒரு தலைமுறை ஆகியிருக்கும். வேண்டுமானால் பக்கத்தில் செம்மறி வைத்திருப்பவருக்கு மேய்ச்சலுக்கு விடுங்கள். நிலத்துக்குப் புழுக்கை கிடைக்கும், உங்களுக்கு ஓர் ஆள் துணையும் கிடைக்கும்.

மாடு, முதல் வருஷம் வேண்டாம். கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம், அதோடு சோளத்தட்டு, கலப்புத் தீவனம். நன்றாகத் தண்ணீர் பாயும் 10 சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டால் ஒரு மாட்டுக்குக் காணும், ஆனால் அந்தப் புல் வளரவே மூன்று மாதம் ஆகும். அதற்கும் மேலே, காலை 5.30-க்கும் மாலை 4.30-க்கும் கறக்க ஒரே ஆள் தவறாமல் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சலில் படுத்தாலும் மாடு காத்திருக்காது. குடும்பமே ஓர் இரவுகூட வெளியே தங்க முடியாத கட்டு அது. வேறு யாராவது கறக்கச் சம்மதித்தாலும் புதுக் கைக்குப் பல மாடு பாலை விடாது. காங்கேயம் மாடுதான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாக வாங்கலாம், இரண்டாம் வருஷம் வாங்குங்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச்சந்தைக்கு, முதல் வருஷம் வாங்கும் எண்ணம் இல்லாமல் பிள்ளைகளோடு போய் வாருங்கள், கண் பழகும். அந்த மாடு வேளைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்தான் கறக்கும். பாலுக்கென்று வளர்ந்த இனம் இல்லை, உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்தது. வீட்டுக்கு அது போதும், விற்கப் போதாது.

முதல் வருஷத்துக்குக் கோழி சரி. ஐந்து பெட்டை, ஒரு சேவல். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு. குஞ்சைக் காக்கையும் பருந்தும் கீரியும் எடுக்கும், அதற்குப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் கூண்டோடு போய்விடும். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டை பொறுக்கும் வேலையும் கணக்கு எழுதும் வேலையும் மகளுக்கு இருக்கட்டும். ஆடு என்றால் இந்த வட்டாரத்தில் தெருநாய் பெரிய ஆபத்தாகிவிட்டது, பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துப்போடுகிறது. உறுதியான அடைப்பு கட்டாமல் ஒரு குட்டிகூட வாங்க வேண்டாம். மாடு, ஆடு நோய்ப்பட்டால் 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

பாம்பு பயம் உண்மைதான், ஆனால் ஒழுங்காக இருந்தால் சமாளிக்கலாம். நாகம், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் இந்த நான்கும்தான் முக்கியமான விஷப் பாம்புகள். சாரைப்பாம்பு எலி பிடிக்க வரும், அதை விட்டுவிடுங்கள். நான்கில் நான் மிகவும் அஞ்சுவது கட்டுவிரியனை. இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது, காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தானாக இறங்குவது என்றுதான் தெரியவரும். ஆகவே கோடை எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் யாரும் தரையில் படுக்கக் கூடாது. கட்டில், கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். படுக்கைத் துணி தரையைத் தொடக் கூடாது. ஓட்டு வீட்டில் கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் பலகை அடித்து அடையுங்கள். விறகு, தேங்காய் மட்டை, செங்கல் அடுக்கு எதுவும் சுவரை ஒட்டி வேண்டாம். கோழித் தீவனம் சிந்தினால் எலி, எலி வந்தால் பாம்பு. இருட்டில் கால் வைக்கும் முன் டார்ச். கடித்துவிட்டால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை வீணாக்காதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், அந்தக் காலையோ கையையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்பின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குடிபோன முதல் வாரமே எந்த மருத்துவமனையில் இரவிலும் மருத்துவரும் மருந்தும் இருக்கும் என்று நேரில் போய்க் கேட்டு, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்று வண்டி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பாம்பைவிட 4 வயதுப் பையனுக்குக் கிணறு அதிக ஆபத்து. சுற்றுச்சுவர் உங்கள் இடுப்புக்கு மேல் இருக்கட்டும், மேலே இரும்பு வலை, படி இறங்கும் இடத்தில் பூட்டு. இது குடிபோகும் முன்பே முடிய வேண்டிய வேலை. பெண்ணுக்கு இந்த வயதிலேயே நீச்சல் கற்றுக்கொடுங்கள். முன்பெல்லாம் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கிவிடுவார்கள், இப்போது மூடி இறுக்கிய வெறும் கேன். தண்ணீர் தெளிந்து நிற்கும் தை, மாசியில் தொடங்கலாம், பெரியவர் ஒருவர் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை, முதலில் பக்கத்து அரசுப் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவாக, ஆசிரியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும் என்பதையும் மகள் விஷயத்தில் கணக்கில் வையுங்கள். தனியார் பள்ளிதான் என்றால் வண்டியில் போக வர எத்தனை மணி நேரம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நாளைக்கு இரண்டரை மணி நேரம் வண்டியிலேயே போனால் தோட்டத்தில் வளர்ந்தும் அந்தப் பிள்ளை தோட்டத்தைப் பார்க்காது. இரண்டாம் மாதம் "சென்னைக்கே போகலாம்பா" என்று அழுவாள், அது இயல்பு. பக்கத்துத் தோட்டத்தில் அவள் வயதில் ஒரு பிள்ளை கிடைத்ததும் அது நின்றுவிடும்.

அக்கம்பக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. வந்த வாரமே நான்கு பக்கத்துத் தோட்டத்துக்கும் குடும்பமாகப் போய் வாருங்கள். பெரியவர்களை "வாங்க, போங்க" என்று சொல்வதில் இங்கே யாரும் குறை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். "ஏனுங், மாரியம்மன் நோம்பிக்கு வரி எழுதிக்கலாமுங்களா?" என்று யாராவது திருவிழா வசூல் நோட்டோடு வந்தால் எழுதுங்கள். நல்லதுக்குப் போகாவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சாவுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. தை மாதம் பட்டிப் பொங்கலுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். மாடு கட்டும் கட்டுத்தரையில் மண்ணால் சின்னத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் நிரப்பி, பொங்கல் வைத்து, கன்றை அதில் மிதித்துத் தாண்ட விடுவார்கள். பிள்ளைகள் அதற்குப் பிறகு சாளையை விட்டு வர மாட்டார்கள். இந்த உறவு இல்லாமல் ஆள் கிடைக்காது, டிராக்டர் கிடைக்காது, இரவு 2 மணிக்கு வண்டி கிடைக்காது.

பணத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 3 ஏக்கர் புஞ்சை முதல் மூன்று வருஷம் உங்களுக்குச் சோறு போடாது, செலவு வாங்கும். இருவரில் ஒருவருடைய சம்பளமாவது நிற்க வேண்டும். அதற்கு அந்த வீட்டுக்குள்ளேயே, வேலை நாளில், மதியம் 3 மணிக்கு இணையம் எப்படி வருகிறது என்று இப்போதே உட்கார்ந்து பாருங்கள். ஆடிக்காற்றில் லைன் அறுந்தால் அரை நாள் கரண்டு இருக்காது, இன்வெர்ட்டர் வேண்டும். சொட்டுநீர்க் குழாயைக் கைக்காசு போட்டு வாங்காதீர்கள். 5 ஏக்கருக்குள் இருப்பவர்கள் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு, தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

அம்மாவுக்கு மாத்திரை விஷயத்தில் கஷ்டம் இருக்காது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாளைக்கே கொண்டுவந்து தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். அவருக்குக் கட்டிலிலிருந்து குளியலறை வரை கைப்பிடியும், இரவு முழுக்க எரியும் விளக்கும், வழுக்காத தரையும் வேண்டும். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சர்க்கரை உள்ள காலில் ஒரு வேலமுள் குத்தினால் ஆற மாதக்கணக்காகும்.

குடிபோக நல்ல நேரம் சித்திரைக் கடைசி அல்லது வைகாசி முதல் வாரம். ஜூனில் பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளுக்குச் சில வாரமாவது கிடைக்கும். கிணறு அடியில் இருக்கும், வெயில் உச்சத்தில் இருக்கும், காற்றும் தொடங்கிவிடும், இந்த இடத்தின் கஷ்டம் எல்லாம் முதல் மாதத்திலேயே முகத்துக்கு நேரே தெரிந்துவிடும். ஆடிப்பட்டத்துக்கும் நாள் இருக்கும். அப்படியானால் தொட்டி, கிணற்றுச்சுவர், கழிப்பறை வேலைகளுக்குக் கொத்தனாரை மாசியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் ஊர் ஊருக்கு நோம்பி சாட்டிவிட்டால் இந்தப் பக்கம் வேலைக்கு ஆள் கிடைக்காது.